எட்டுப் பல்கலைக்கழகங்களும் ஒரு கேள்வியும்

கேள்வி (சுருக்கம்): நான் நிலாவெளியைச் சேர்ந்தவள். வயது 29. கோணேசபுரியிலுள்ள கிழக்குப் பல்கலைக்கழகத்தின் திருகோணமலை வளாகத்தில் மொழிகளும் தொடர்பாடலும் பயின்று, சிறப்புப் பட்டத்தில் இரண்டாம் வகுப்பு மேல்நிலை பெற்றேன். பின்னர் கொழும்பில் வார இறுதி வகுப்புகளாக ஓராண்டு முதுமாணி படித்தேன். அதில் ஆய்வேடு இல்லை. மூன்று ஆண்டுகளாகக் குச்சவெளிப் பிரதேசத்தில் அனர்த்த முன்னாயத்தப் பணியில் இருக்கிறேன். புயல் எச்சரிக்கைகள் மீனவரை எப்படிச் சென்றடைகின்றன என்பதில் கலாநிதிப் பட்ட ஆய்வு செய்ய விரும்புகிறேன். தரவரிசைப் பட்டியல்களைப் பார்த்து எட்டு வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்களைத் தெரிவு செய்தேன். அவற்றுள் பிரித்தானியப் பல்கலைக்கழகம் ஒன்று அனுமதி தந்துவிட்டது. புலமைப்பரிசில் இல்லை, முற்பணம் கட்ட நான்கு கிழமை தவணை தந்திருக்கிறார்கள். எனக்கென்று வைத்திருந்த அலஸ்தோட்டத்துக் காணியை ஈடு வைக்க அப்பா தயாராக இருக்கிறார். அமெரிக்கப் பேராசிரியர் ஒருவர் என் மின்னஞ்சலுக்கு "விண்ணப்பியுங்கள்" என்று ஒரு வரியில் பதில் எழுதியிருக்கிறார். எதைத் தெரிவது? இலங்கையிலேயே படித்தால் மதிப்புக் குறைவா?

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தையும் அதனோடு அனுப்பியிருந்த, விண்ணப்பத்துக்கான நோக்கக் கூற்றின் வரைவையும் இரண்டு தடவை வாசித்தேன். நான்கு கிழமைக்குள் முடிவு சொல்ல வேண்டிய விடயம் ஒன்று இருப்பதால் அதிலிருந்தே தொடங்குகிறேன். முற்பணத்தைக் கட்ட வேண்டாம். காணி உறுதியை வங்கிக்குக் கொண்டுபோக வேண்டாம் என்று அப்பாவிடம் இன்றைக்கே சொல்லிவிடுங்கள்.

பிரித்தானியாவில் நிதி இல்லாத கலாநிதி அனுமதிக் கடிதம் சொல்வது இவ்வளவுதான்: உங்கள் தலைப்பை மேற்பார்வை செய்ய ஒருவர் உடன்பட்டிருக்கிறார், கட்டணத்தை நீங்கள் செலுத்தினால் பல்கலைக்கழகம் உங்களைப் பதிவு செய்யும். அதைப் பெற்றது உங்கள் திறமைக்குச் சான்றுதான். ஆனால் அந்தக் கடிதத்தைத் தருவதில் அவர்களுக்கு ஒரு சதமும் செலவில்லை என்பதையும் மறக்கக் கூடாது. வெளிநாட்டு மாணவருக்கான கட்டணம் சமூக விஞ்ஞானத் துறைகளில் ஆண்டுக்கு 15,000 பவுணைத் தாண்டுவது அங்கே வழமை. முழுநேரப் படிப்பு மூன்று ஆண்டுகள், எழுதி முடிக்க நான்காவது ஆண்டும் இழுக்கும். அதற்கு மேல் வீசாவுடன் சுகாதார மேலதிகக் கட்டணமாக ஆண்டொன்றுக்கு 776 பவுண், வாடகை, சாப்பாடு, களஆய்வுக்காக ஊர் வந்து திரும்பும் விமானச் செலவு. தவணைக் காலத்தில் மாணவர் கிழமைக்கு 20 மணித்தியாலத்துக்கு மேல் வேலை செய்ய முடியாது. ஆகவே "அங்கே போய் உழைத்துக் கட்டிவிடலாம்" என்று யாரேனும் சொன்னால், சொல்பவர் கணக்குப் பார்த்ததில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். அலஸ்தோட்டத்துக் காணியின் பெறுமதி எனக்கும் ஓரளவு தெரியும். அது முதல் ஆண்டைத் தாங்கும், இரண்டாவது ஆண்டின் பாதியில் உங்களைக் கைவிடும். பாதியில் நின்ற கலாநிதிப் படிப்புக்குச் சந்தையில் விலை இல்லை. ஈட்டில் போன காணிக்கு வட்டி நிற்காது.

அந்தப் பல்கலைக்கழகத்துக்குப் பணிவாக ஒரு கடிதம் எழுதுங்கள். அனுமதியை அடுத்த கல்வியாண்டுக்கு ஒத்திவைக்க முடியுமா, அடுத்த சுற்றில் நிதிக்கான போட்டியில் உங்களைச் சேர்த்துக்கொள்வார்களா, கடந்த சில ஆண்டுகளில் அத்துறையில் சேர்ந்த வெளிநாட்டு மாணவர்களில் எத்தனை பேர் நிதியுடன் வந்தார்கள் என்ற மூன்றையும் கேளுங்கள். நேர்மையான துறை மூன்றாவது கேள்விக்கும் பதில் தரும். இன்னொன்று: பிரித்தானிய அரசின் செவனிங் புலமைப்பரிசில் கலாநிதிப் படிப்புக்குக் கிடைக்காது, அது ஓராண்டு முதுமாணிக்கு மட்டும் உரியது. ஆண்டுதோறும் இதை அறியாமல் பலர் அதற்காகக் காத்திருந்து காலத்தைப் போக்குகிறார்கள்.

இனி அந்த எட்டுப் பெயர்களுக்கு வருவோம்.

தரவரிசையைப் பார்த்துத் துறை தெரிவது, வாசல் அலங்காரத்தைப் பார்த்துக் கலியாணம் பேசுவது போன்றது. உங்கள் பட்டியலிலுள்ள எட்டுத் துறைகளின் பக்கங்களையும் ஒரு முழு மாலை செலவழித்துப் பார்த்தேன். எட்டிலும் "தொடர்பாடல்" என்ற ஒரே பெயர்ப்பலகை தொங்குகிறது. உள்ளே நடப்பது எட்டிலும் ஒன்றல்ல. இது இத்துறையின் பிறப்பிலேயே உள்ள சிக்கல். அமெரிக்காவில் இதன் ஒரு கிளை பேச்சுக்கலை ஆசிரியர்களிடமிருந்து வந்தது. 1914 இல் 17 ஆசிரியர்கள் ஆங்கில ஆசிரியர் சங்கத்திலிருந்து பிரிந்து தமக்கென ஓர் அமைப்பைத் தொடங்கினார்கள். இன்றைய தேசியத் தொடர்பாடல் சங்கம் அதன் தொடர்ச்சிதான். அந்த வழிவந்த துறைகள் சொல்லாட்சி, ஆளிடைத் தொடர்பாடல், நிறுவனத் தொடர்பாடல், சுகாதாரத் தொடர்பாடல் என்று பேசும். இன்னொரு கிளை இதழியற் கல்லூரிகளிலும் இரண்டாம் உலகப் போர்க்காலப் பிரசார ஆய்வுகளிலும் வேர்விட்டது. போர்க்காலத்தில் அமெரிக்க அரசின் தகவற் பணியிலிருந்த வில்பர் ஷ்ராம், 1947 இல் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் தொடர்பாடல் ஆய்வு நிறுவனத்தைத் தொடங்கியபோது இக்கிளைக்கு ஒரு வீடு கிடைத்தது. ஊடகத்தின் விளைவை அளப்பதும், அளவீட்டுக்கும் பரிசோதனைக்கும் புள்ளிவிபரத்துக்கும் முதலிடம் தருவதும் இதன் சுபாவம். பிரித்தானியாவிலோ 1964 இல் பேர்மிங்ஹாமில் றிச்சர்ட் ஹொகார்ட் தொடங்கிய பண்பாட்டு ஆய்வு மையத்தின் செல்வாக்கு இன்றுவரை பல துறைகளில் இருக்கிறது. அங்கே தொலைக்காட்சி, சினிமா, அடையாளம், அதிகாரம் என்ற திசையில்தான் பேச்சு ஓடும்.

உங்கள் எட்டில் இரண்டு துறைகள் பெரும்பாலும் ஆய்வுகூடப் பரிசோதனை செய்பவை. உங்களுக்கு அனுமதி தந்த துறை உட்பட மூன்று, திரைப்படத்தையும் எண்ணிமப் பண்பாட்டையும் ஆராய்பவை. உங்கள் தலைப்பைப் பார்க்க உடன்பட்டவரின் கடைசி ஐந்து கட்டுரைகளில் நான்கு தொலைக்காட்சித் தொடர்களைப் பற்றியவை. மீதமுள்ள மூன்றில்தான், ஆபத்தை மக்களுக்கு எடுத்துச் சொல்வதை ஆராயும் இடர்த் தொடர்பாடலையும் மக்களிடம் சென்று கேட்டு எழுதும் களஆய்வையும் செய்பவர்கள் இருக்கிறார்கள். அந்த மூன்றில் ஒன்று உங்கள் பட்டியலின் ஏழாவது இடத்தில் கிடக்கிறது. உங்களுக்கு ஒரு வரியில் பதில் எழுதிய அமெரிக்கப் பேராசிரியர் இருப்பது அங்கேதான்.

ஆக, முதலில் உங்கள் கேள்வி எது என்று தீர்மானிக்க வேண்டும். "புயல் எச்சரிக்கை மீனவரை எப்படிச் சென்றடைகிறது" என்பது இன்னும் கேள்வியாகவில்லை, தலைப்பாகத்தான் இருக்கிறது. சென்றடைவதை அளப்பதானால் ஒரு கருத்துக்கணிப்புப் போதும். யாரிடம் வானொலி, யாரிடம் கைத்தொலைபேசி என்று எண்ணிவிட்டு வந்துவிடலாம். ஆனால் உங்கள் நோக்கக் கூற்றின் ஏழாவது பந்தியில், நீங்களே அதன் பெறுமதியை அறியாமல், உண்மையான கேள்வியைப் புதைத்து வைத்திருக்கிறீர்கள். 2020 டிசெம்பர் 2 ஆம் திகதி புரெவிப் புயல் கரையைக் கடந்த இரவைப் பற்றிப் பின்னர் இறக்கக்கண்டியில் முதியவர் ஒருவரிடம் கேட்டபோது அவர் சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள்: "எண்பது கிலோமீற்றர் எண்டா எந்தக் காத்து பிள்ளை? கட்டி வைக்கிற காத்தா, கரையேத்திற காத்தா?"

இந்த வரியை வாசித்ததும் நான் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டேன். அன்றிரவு உவர்மலையிலுள்ள என் வீட்டில் வானொலியின் முன்னால் உட்கார்ந்து அதே எச்சரிக்கையை நானும் கேட்டேன். மணிக்கு இத்தனை கிலோமீற்றர் என்று சொல்லப்பட்டபோது எனக்கு எல்லாம் விளங்கிவிட்டதாகவே நினைத்தேன். அந்த முதியவருக்குக் காற்றின் வேகம் வேண்டியிருக்கவில்லை. படகை நங்கூரத்தில் இறுக்கிக் கட்டினால் போதுமா, அல்லது ஆட்களைக் கூப்பிட்டு மணலுக்கு மேலே இழுத்து ஏற்ற வேண்டுமா என்பதே அவருக்குத் தெரிய வேண்டியிருந்தது. கச்சான், சோளகம், வாடை, கொண்டல் என்று திசைக்கும் பருவத்துக்கும் பெயர் வைத்திருக்கும் மக்களிடம், செய்ய வேண்டிய வேலையை வைத்தும் காற்றைப் பிரிக்கும் வகைப்பாடு ஒன்று இருக்கிறது. வளிமண்டலவியல் திணைக்களத்தின் அறிவித்தலில் "தாழமுக்கம்" இருக்கிறது, கிலோமீற்றர் இருக்கிறது. இந்த வகைப்பாடு இல்லை. அறிவித்தல் சென்றடைந்தது, பொருள் கரை சேரவில்லை. எச்சரிப்பவரின் மொழி எந்த இடத்தில் செயலின் மொழியாக மாறுகிறது, அதை மாற்றுபவர் யார், கிராம உத்தியோகத்தரா, படகுச் சொந்தக்காரரான சம்மாட்டியா, பள்ளிவாசல் ஒலிபெருக்கியா, வட்ஸ்அப்பில் குரற்பதிவு அனுப்பும் மருமகனா? உங்கள் கலாநிதி ஆய்வு இதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது.

இன்னும் ஒன்று. புரெவியின்போது நம் மாவட்டத்தில் பயந்த அளவுக்குச் சேதம் ஏற்படவில்லை. அப்படியானால் அடுத்த எச்சரிக்கையை மக்கள் எப்படிக் கேட்பார்கள்? "புலி வருகிறது" கதை எல்லோருக்கும் தெரியும். பொய்த்துப்போன எச்சரிக்கை உண்மையிலேயே நம்பிக்கையைக் குறைக்கிறதா என்பது இடர்த் தொடர்பாடல் ஆய்வில் இன்றும் தீராத விவாதம். 2004 டிசெம்பர் 26 அன்று எந்த எச்சரிக்கையும் வராமல் கடல் ஏறியதைக் கண்ட ஊரில் அந்த விவாதத்துக்கு வேறொரு நிறம் இருக்கக்கூடும்.

இப்படி ஒரு கேள்வி கைக்கு வந்துவிட்டால் துறையைத் தெரிவது பெருமளவு இலகுவாகும். ஒவ்வொரு துறையிலும் கடந்த ஐந்து ஆண்டுகளில் பட்டம் பெற்றவர்களின் ஆய்வேட்டுத் தலைப்புகளைத் தேடி எடுங்கள். பேராசிரியர்களின் புகழுரைகளைவிட அந்தப் பட்டியல் உண்மை பேசும். அவற்றில் களஆய்வு செய்தவர்கள் இருக்கிறார்களா, ஆங்கிலமல்லாத மொழியில் தரவு சேகரித்தவர்கள் இருக்கிறார்களா, எத்தனை ஆண்டில் முடித்தார்கள், இப்போது எங்கே வேலை செய்கிறார்கள் என்று பாருங்கள். இரண்டு மூன்று ஆய்வேடுகளின் நன்றியுரைப் பக்கத்தையும் வாசியுங்கள். மாணவர் தம் மேற்பார்வையாளருக்கு மனதார நன்றி சொல்கிறாரா, கடமைக்கு ஒரு வரி எழுதிவிட்டு நண்பர்களுக்கு ஒரு பக்கம் ஒதுக்கியிருக்கிறாரா என்பதில் நிறைய விடயம் இருக்கிறது. இது என் சொந்த வழக்கம். எந்த வழிகாட்டி நூலிலும் கண்டதில்லை.

அமெரிக்கப் பேராசிரியரின் ஒரு வரிப் பதிலால் நீங்கள் சற்று மனம் சோர்ந்திருப்பது கடிதத்தில் தெரிகிறது. சோர வேண்டாம். அமெரிக்காவில் பொதுவாக அனுமதியைத் தீர்மானிப்பது ஒரு குழு, தனியொருவரல்ல. சேர்ந்து ஓரிரு ஆண்டுகள் பாடநெறி படித்த பின்னரே ஆய்வுக்குழு அமைகிறது. ஆகவே அவர் அதற்கு மேல் வாக்குறுதி தர முடியாது. பிரித்தானியாவிலும் அவுஸ்திரேலியாவிலும் நிலைமை மறுபக்கம். அங்கே மேற்பார்வையாளரின் உடன்பாடும் முழுமையான ஆய்வு முன்மொழிவும் முதலிலேயே வேண்டும். நோர்வே, சுவீடன் போன்ற நாடுகளில் கலாநிதி ஆய்வு என்பது விளம்பரப்படுத்தி ஆள் எடுக்கும் சம்பள வேலை. விளம்பரத்திலுள்ள திட்டத்தோடு உங்கள் கேள்வி பொருந்தினால் விண்ணப்பியுங்கள், பொருந்தாவிட்டால் வளைக்க வேண்டாம்.

ஆனால் நீங்கள் அந்தப் பேராசிரியருக்கு அனுப்பிய மின்னஞ்சலை மாற்றத்தான் வேண்டும். "நான் கடின உழைப்பாளி, சிறுவயது முதலே ஊடகத்தில் ஆர்வமுள்ளவள்" என்று தொடங்கும் மின்னஞ்சல் அவருக்குக் கிழமைக்குப் பத்து வரும். அடுத்த முறை, அவருடைய ஒரு கட்டுரையை முழுதாக வாசித்து, அதிலுள்ள ஒரு கருத்து குச்சவெளியில் எங்கே பொருந்துகிறது, எங்கே இடறுகிறது என்று இரண்டு வாக்கியத்தில் எழுதுங்கள். பிறகு கேள்வி ஒன்று போதும்: அடுத்த சுற்றில் புதிய மாணவர்களை எடுக்கும் எண்ணம் அவருக்கு இருக்கிறதா? 2025 இல் அமெரிக்காவின் பல பல்கலைக்கழகங்கள் கலாநிதி அனுமதிகளைக் குறைத்த பின்னர் இந்தக் கேள்வி மிகவும் அவசியமாகிவிட்டது. ஓய்வுபெறப் போகிறவரையோ, மாணவரை எடுக்காத ஆண்டில் இருப்பவரையோ நம்பி விண்ணப்பக் கட்டணத்தைச் செலவழிக்க வேண்டியதில்லை. கட்டண விலக்கு இருக்கிறதா என்று துறைச் செயலகத்திடம் கேட்கத் தயங்கவும் வேண்டாம். கேட்டவர்களுக்குக் கிடைத்ததை நான் கண்டிருக்கிறேன்.

அமெரிக்காவில் விண்ணப்ப முடிவுத் திகதிகள் பெரும்பாலும் டிசெம்பர் முதலாம் திகதிக்கும் ஜனவரி நடுப்பகுதிக்கும் இடையில் வரும். ஜி.ஆர்.ஈ. என்ற பட்டப்பின் படிப்பு அனுமதிப் பரீட்சையைப் பல துறைகள் கைவிட்டுவிட்டன. கேட்காத இடத்துக்கு எழுத வேண்டாம். ஆங்கிலப் பரீட்சைப் பெறுபேறு இரண்டு ஆண்டுகளே செல்லுபடியாகும் என்பதால் முந்திக்கொண்டு எழுதுவதிலும் பயனில்லை. நம்மவர்கள் தடுக்கி விழுவது பெரும்பாலும் சிறிய இடங்களில்தான்: பெறுபேற்று விபரத்தை வளாகத்தின் பதிவாளர் அலுவலகத்தில் கேட்டுப் பெறக் கிழமைக் கணக்கில் ஆகும், பரிந்துரைக் கடிதத்துக்கான இணைப்பு விரிவுரையாளரின் பல்கலைக்கழக மின்னஞ்சலுக்குப் போகும், அவரோ சொந்த மின்னஞ்சலைத்தான் திறந்து பார்ப்பார், இணைப்பு அங்கேயே உறங்கும். செப்டெம்பரிலேயே பரிந்துரைக் கடிதம் தரும் மூவரையும் நேரில் சந்தித்து எந்த முகவரி என்று கேட்டு வையுங்கள். "கடிதத்தை நீயே எழுதிக் கொண்டு வா, கையெழுத்து வைக்கிறேன்" என்று சொல்பவரிடம், நீங்கள் செய்த வேலைகளை ஒரு பக்கத்தில் எழுதிக் கொடுத்துக் கடிதத்தை அவரே எழுதும்படி வேண்டுங்கள். மூன்று கடிதமும் ஒரே நடையில் இருந்தால் குழுவிலுள்ளவர்கள் கண்டுபிடித்துவிடுவார்கள்.

உங்கள் முதுமாணியில் ஆய்வேடு இல்லாதது ஒரு குறைதான், மறைக்க முடியாதது. இலங்கைத் தகைமைச் சட்டகத்தில் பாடநெறி மட்டுமுள்ள முதுமாணி 9 ஆம் மட்டத்திலும், ஆய்வுடன் கூடியது 10 ஆம் மட்டத்திலும், முதுதத்துவமாணி 11 இலும், கலாநிதி 12 இலும் இருக்கின்றன. அமெரிக்கத் துறைகள் இந்த மட்டத்தைப் பார்ப்பதில்லை. நீங்கள் ஆய்வு செய்யக்கூடியவர் என்பதற்கு எழுத்தில் ஆதாரம் கேட்கும். உங்களிடம் அது இருக்கிறது. குச்சவெளியில் நீங்கள் தமிழில் எழுதிய கள அறிக்கையை, நிறுவனத்தின் அனுமதி பெற்று, நீங்களே ஆங்கிலத்தில் இருபது பக்கக் கட்டுரையாக்குங்கள். மொழிபெயர்ப்பாளரிடம் கொடுக்க வேண்டாம்.

நிதிக் கடிதம் வரும் நாளைப் பற்றியும் இப்போதே சொல்லிவிடுகிறேன், ஏனெனில் அன்றைக்கு வரும் மகிழ்ச்சியில் யாரும் கவனமாக வாசிப்பதில்லை. அமெரிக்காவில் கற்பித்தல் உதவியாளர் பதவியுடன் கல்விக் கட்டண விலக்கும் மாதாந்தக் கொடுப்பனவும் தருவார்கள். அந்தக் கொடுப்பனவு ஒன்பது மாதத்துக்கா பன்னிரண்டு மாதத்துக்கா என்று பாருங்கள். ஒன்பது என்றால் கோடை மூன்று மாதமும் வாடகை உங்கள் பொறுப்பு. கல்விக் கட்டணம் விலக்கப்பட்டாலும் தவணைதோறும் அறவிடும் "ஏனைய கட்டணங்கள்" விலக்கப்பட்டனவா, மருத்துவக் காப்புறுதி உண்டா, எத்தனை ஆண்டுகளுக்கு உறுதி, களஆய்வுக்காக ஊருக்கு வந்தால் அந்தத் தவணையில் கொடுப்பனவு நிற்குமா என்று கேளுங்கள். கடைசிக் கேள்வி உங்களுக்கு உயிர்நிலை, உங்கள் தரவு முழுவதும் இங்கேதான் இருக்கிறது. பதில் எழுத்தில் வர வேண்டும். நிதியுடன் வரும் அனுமதிக்கு முடிவு சொல்ல ஏப்ரல் 15 வரை அவகாசம் தருவதாக அங்குள்ள பெரும்பாலான ஆய்வுப் பல்கலைக்கழகங்கள் உடன்பாடு செய்திருக்கின்றன. அதற்கு முன் யாரேனும் அவசரப்படுத்தினால், அந்த உடன்பாட்டில் அவர்கள் இருக்கிறார்களா என்று மரியாதையாகக் கேட்கலாம்.

இங்கே என் சொந்தக் கதை ஒன்று. நான் வெளிநாட்டில் கலாநிதிப் படிப்புக்குப் போனபோது ஒரே ஒரு பேராசிரியரை நம்பித்தான் போனேன். இரண்டாவது ஆண்டின் நடுவில் அவருக்கு வேறொரு பல்கலைக்கழகத்தில் பெரிய பதவி கிடைத்தது. வாழ்த்துச் சொல்லி விருந்தும் வைத்தோம். அதன் பிறகு பதினொரு மாதம் என் அத்தியாயங்களை வாசிக்க ஆளில்லை. துறைத் தலைவர் இறுதியில் என்னை ஒப்படைத்தது ஓவிய அழகியலில் வல்ல, மிகவும் நல்ல மனிதர் ஒருவரிடம். என் துறையில் அவருக்கு ஆர்வமில்லை, என் எழுத்துப் பிழைகளை மட்டும் அன்போடு திருத்தித் தந்தார். ஓராண்டு கூடுதலாகப் போயிற்று, அந்த ஆண்டுக்கு நிதியும் இல்லை. அதனால்தான் கேட்கிறேன், ஏழாவது இடத்திலுள்ள அந்தத் துறையில் அந்த அமெரிக்கப் பேராசிரியர் போய்விட்டால் உங்களை விளங்கிக்கொள்ளக்கூடிய இரண்டாவது ஆள் யார்? பெயர் சொல்ல முடியாவிட்டால் அங்கே போக வேண்டாம். நான் பார்த்தவரையில் அப்படி ஒருவர் இருக்கிறார். மொழியை அது வழங்கும் சமூகத்தின் பழக்கத்தோடு சேர்த்து ஆராய வேண்டும் என்று 1960களில் அமெரிக்க மொழியியலாளர் டெல் ஹைம்ஸ் தொடங்கிவைத்த வழியில் வேலை செய்பவர். உங்கள் முதியவரின் வாக்கியத்தை முதலில் விளங்கிக்கொள்ளப் போவது அவராகவும் இருக்கலாம்.

உள்நாட்டுப் படிப்புக்கு மதிப்புக் குறைவா என்று கேட்டிருந்தீர்கள். பட்டத்துக்குக் குறைவில்லை, களனி, ஸ்ரீ ஜயவர்தனபுர போன்ற இடங்களில் வெகுசனத் தொடர்பாடற் துறைகள் நெடுங்காலமாக இருக்கின்றன. உங்கள் விடயத்தில் சிரமம் வேறு: தமிழில் தரவு சேகரித்து இடர்த் தொடர்பாடலில் ஆய்வு செய்பவரை மேற்பார்க்கக்கூடியவர் நாட்டில் விரல்விட்டு எண்ணக்கூடியவர்களே, மேலும் மானிடவியல், சமூக விஞ்ஞானத் துறைகளுக்கான தேசிய உயர்கற்கை நிலையம் தரும் கலாநிதி நிதி பல்கலைக்கழக ஆசிரியர்களுக்கானது, உங்களைப் போல வெளியிலிருப்பவருக்குப் பெரிதும் உதவாது. வேலையை விடாமல் பகுதிநேரமாகப் பதிவு செய்யலாம். ஏழெட்டு ஆண்டுகள் பொறுமை இருந்தால் அது மானமான வழிதான்.

உங்கள் பட்டியலில் இந்தியா இல்லாதது எனக்குச் சற்று ஆச்சரியம். கடலுக்கு அப்பால் அதே வங்காள விரிகுடா, அதே தமிழ், அதே புயல். சென்னைப் பல்கலைக்கழகத்திலும் திருநெல்வேலி மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்திலும் தொடர்பாடற் துறைகள் இருக்கின்றன. ஹைதராபாத் பல்கலைக்கழகத்தின் தொடர்பாடற் துறைக்கு அபிவிருத்தித் தொடர்பாடலில் நல்ல பெயருண்டு. கடலோர மக்களுக்கு எச்சரிக்கை அனுப்பும் இந்திய தேசியக் கடல்சார் தகவல் சேவை மையமும் அதே நகரில்தான் இருக்கிறது. இந்திய விதிப்படி கலாநிதிக் காலம் குறைந்தது மூன்று, கூடியது ஆறு ஆண்டுகள். இந்தியக் கலாசார உறவுகள் பேரவையின் புலமைப்பரிசில் அறிவித்தல்களைத் தூதரகப் பக்கத்தில் பார்த்து வாருங்கள். அந்த நாட்டின் ஆய்வேடுகள் ஷோத்கங்கா என்ற இணையக் களஞ்சியத்தில் இலவசமாகக் கிடைப்பதால், சேர்வதற்கு முன்பே ஒரு துறையின் தரத்தை நீங்களே நிறுத்துப் பார்க்கலாம். தரம் ஏற்ற இறக்கமானது என்பதையும் அங்கேயே காண்பீர்கள்.

ஓராண்டில், வீட்டிலிருந்தபடியே, கட்டணம் செலுத்தினால் கலாநிதி என்று முகநூலில் வரும் விளம்பரங்களை நீங்கள் நம்ப மாட்டீர்கள் என்று தெரியும். ஆனாலும் நம்மூர் மேடைகளில் கலாநிதிகள் பெருகிவரும் வேகத்தைப் பார்த்தால் ஒரு வார்த்தை சொல்லி வைப்பது நல்லது. அந்தப் பட்டத்தைப் பின்னர் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு ஏற்குமா என்று பணம் கட்டுவதற்கு முன் கேளுங்கள்.

ஆகவே இந்த ஆண்டு உங்கள் எட்டை நான்காக்குங்கள்: பொருந்துகின்ற மூன்று துறைகள், அவற்றோடு ஹைதராபாத். நிதியுடன் ஒன்றேனும் வந்தால் போங்கள். வராவிட்டால் கட்டுரையை வெளியிட்டுவிட்டு அடுத்த ஆண்டு மீண்டும் விண்ணப்பியுங்கள். 30 வயதில் தொடங்குவது இத்துறையில் தாமதமேயில்லை, கள அனுபவமுள்ளவரைத் துறைகள் விரும்பியே எடுக்கின்றன.

நோக்கக் கூற்றின் முதல் ஆறு பந்திகளை அழித்துவிடுங்கள். சிறுவயது ஆர்வம், பாடசாலை விவாதப் போட்டிப் பரிசு, ஊடகம் ஜனநாயகத்தின் தூண் என்பவை யாவும் போகட்டும். இறக்கக்கண்டி முதியவரை முதல் வரிக்குக் கொண்டு வாருங்கள். அவருடைய வாக்கியத்தை ஆங்கிலத்தில் சொல்லும்போது "கடுங்காற்று", "மிதமான காற்று" என்ற பொருளில் வானிலைச் சொற்களைப் போட்டு மாற்றிவிட வேண்டாம். மாற்றினால் அவர் கேட்டதையே நீங்களும் கேட்காதவர் ஆகிவிடுவீர்கள். "கட்டி வைக்கிற காத்து", "கரையேத்திற காத்து" என்ற இரண்டையும் அவர் உச்சரித்தபடியே ஒலிபெயர்த்து எழுதி, முதலாவதற்கு எத்தனை கயிறு, இரண்டாவதற்கு எத்தனை ஆள் வேண்டும் என்று அடுத்த வாக்கியத்தில் விளக்குங்கள். அந்தக் கணக்கு வரைவில் இல்லை. இந்தக் கிழமை இறக்கக்கண்டிக்குப் போய் அவரிடம் கேட்டு வந்த பிறகு புதிய வரைவை எனக்கு அனுப்புங்கள்.